இரவல் வாளி

பீர் காய்ச்சுகிற சாமான்களைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது, ஆசையும் வராது. மூடி போட்ட ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வாளி. இருபத்தைந்து லிட்டர் பிடிக்கும். மூடியில் ஒரு துளை, அதில் செருகிய வளைந்த சின்னக் குழாய், குழாயில் கொஞ்சம் தண்ணீர். உள்ளே உண்டாகும் வாயு அந்தத் தண்ணீரைக் கடந்து வெளியே போகலாம். வெளிக்காற்று உள்ளே நுழைய முடியாது. பிறகு ஒரு நீளக் கரண்டி, ரப்பர் குழாய், வெப்பமானி, வடிகட்டத் துணிப்பை, பெரிய எவர்சில்வர் அண்டா, சீசாவுக்கு மூடி அமுக்கும் கைக்கருவி. பால் சொசைட்டியில் தண்ணீர் கலந்தவரைக் காட்டிக்கொடுக்கும் லாக்டோமீட்டர் எந்தத் தத்துவத்தில் மிதக்கிறதோ அதே தத்துவத்தில் மிதக்கும் ஒரு கண்ணாடிக் குச்சியும் உண்டு. திரவத்தில் எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்று அது சொல்லும். அவ்வளவுதான். கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் இவற்றைக் கொண்டுபோய் வைத்தால் என்ன ஏது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

எனக்கு இவை இரவலாக வாய்த்தன. வேலை நிமித்தம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருந்த காலம். பருத்தித்துறைக்காரரான ஒரு நண்பர், பக்கத்து வீட்டு முதியவர் வீடு மாறிப் போகும்போது விட்டுச்சென்ற வாளியையும் மற்றதையும் வைத்திருந்தார். அந்த முதியவருக்கு அவை எப்படி வந்தன என்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் வீட்டில் பீர் காய்ச்ச ஒருகாலத்தில் உரிமம் வேண்டும். 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்டு மாட்லிங் அதை எடுத்துவிட்டார். விற்காதவரை உன் வீட்டு அடுப்பில் நீ என்ன காய்ச்சினாலும் அரசுக்குக் கவலையில்லை என்று ஆயிற்று. அதன்பின் பூட்ஸ் என்ற மருந்துக்கடைச் சங்கிலியிலேயே இருமல் மருந்துக்குப் பக்கத்தில் பீர் சாமான் விற்றார்கள். எழுபதுகளில் அந்த நாட்டில் ஏகப்பட்ட வீடுகளின் படிக்கட்டுக்கு அடியில் ஒரு வாளி இருந்தது. வாங்கியவருக்குச் சலிப்புத் தட்டியதும் அது அடுத்தவர் வீட்டுக்குப் போகும். இப்படிக் கைமாறுகிற சாமானோடு சேர்ந்து சில பழக்கங்களும் கைமாறும். புத்தகத்தில் இருக்காத பழக்கங்கள் அவை.

நண்பர் எனக்குச் சொல்லித்தந்ததில் முக்கால்வாசி கழுவுவது. "கழுவுறதுதான் மச்சான் வேலை. காய்ச்சுறது சும்மா" என்பார். உண்மைதான். அண்டாவில் கொதிக்கும்வரை எந்தக் கிருமியும் தப்பாது. ஆறிய பிறகுதான் ஆபத்து. ஆறிய சாற்றைத் தொடுகிற கரண்டி, குழாய், வாளி, மூடி எல்லாவற்றையும் கிருமிநாசினியில் அலசி எடுக்க வேண்டும். இல்லையென்றால் நாம் விட்ட ஈஸ்ட் வேலையைத் தொடங்குமுன் காற்றில் வந்த பாக்டீரியா முந்திக்கொண்டு புளிப்பாக்கிவிடும். வாளியை மூடி வைத்த பிறகு எனக்குக் கை பரபரக்கும். "சும்மா சும்மா திறந்து பாக்காதை. அது தன்ர பாட்டில வேலை செய்யும்" என்று தடுப்பார். மூடியின் குழாயில் வாயு முட்டைவிடும் சத்தம் மட்டும் சமையலறையில் கேட்டுக்கொண்டிருக்கும்.

காய்ச்சுவது சும்மா என்று அவர் சொன்னாலும் அதில்தான் எனக்கு ருசி. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, முளை நீளுமுன் சூட்டில் உலர்த்தி நிறுத்துவார்கள். முளைக்கிற விதை, தன் குஞ்சுச் செடிக்கு ஊட்டுவதற்காக, மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளைத் தயாரிக்கிறது. நாம் அந்த ஏற்பாட்டைப் பாதியில் மறித்து நமக்குத் திருப்பிக்கொள்கிறோம். உடைத்த முளைத்தானியத்தை 65, 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் நொதிகள் மறுபடி விழித்து மாவை இனிப்பாக்கும். 60க்குக் கீழே போனால் வேலை மந்தம். 75ஐத் தாண்டினால் நொதிகள் செத்துப்போகும். வடித்த இனிப்புச் சாற்றில் ஹாப் என்னும் கொடியின் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, சட்டென்று 20 டிகிரிக்கு ஆற்றி, ஈஸ்ட் தூவி மூடுவார்கள். மிதவைக் குச்சி முதல் நாள் 1.045 என்று காட்டும். பத்து நாளில் 1.010க்கு இறங்கும். இறங்கிய அளவை 131ஆல் பெருக்கினால் சாராயச் சத்து ஏறக்குறைய நாலரை சதவீதம். சீசாவில் அடைக்கும்போது மொத்தத்துக்கும் ஒரு கை சர்க்கரை சேர்த்து இன்னும் இரண்டு வாரம் வைத்தால் நுரை பிடிக்கும். கூடுதலாகப் போட்டால் சீசா வெடிக்கும்.

இதைக் கற்றுக்கொண்டிருந்தபோது எனக்கு உறைத்தது, இதில் எதுவுமே என் வீட்டுக்குப் புதிதில்லை என்பது. பழனி அடிவாரத்தில் எங்கள் தெருவில் கைக்குழந்தை இருக்கும் எந்த வீட்டிலும் கேழ்வரகை ஊறவைத்துத் துணியில் முடிந்து முளைகட்டி, நிழலில் காயவைத்து, வறுத்து அரைப்பார்கள். ராகி மால்ட் என்று கடையில் டப்பாவில் விற்பது அதுதான். முளைகட்டிய மாவு சேர்த்தால் கூழ் கட்டியாகாமல் இளகி, இனித்து, குழந்தையின் தொண்டையில் இறங்குவதற்குக் காரணம் பார்லியில் வேலை செய்யும் அதே நொதி. ஆக பீரின் முதல் பாதியை நம் பாட்டிகள் கைக்குழந்தைக்காகச் செய்துகொண்டிருந்தார்கள். இரண்டாம் பாதியான புளிக்கவைப்பதைப் பற்றித் தமிழ்நாட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாடே இட்லி மாவில் விடிகிறது. இரண்டு பாதியும் ஒரே சமையலறையில், ஒரே பெண்ணின் கையில் இருந்தும் அவை சேரவில்லை.

ஊர் திரும்பிய பிறகு கொடைக்கானல் மலையில் இருக்கும்போதெல்லாம் இந்த நினைப்பு கூடவே வருகிறது. பெருமாள்மலைப் பக்கம் சாலையோரச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா மார்கழி மாதத்தில் மாவு வாளிக்குக் கம்பளி போர்த்தி அடுப்புத் திண்டில் வைத்திருந்தார். "இங்க ராத்திரில மாவு தூங்கிரும்ணே. சூடு காட்டி எழுப்பணும்" என்றார். இட்லி மாவுக்கு வேண்டிய சூடு முப்பதை ஒட்டியது. பீர் ஈஸ்டுக்கு அது நரகம். சூடு கூடினால் அது வேகவேகமாக வேலையை முடித்து, பழுத்த வாழைப்பழ வாசமும் தலைவலி தரும் கனமான ஆல்கஹால்களும் விட்டுவிட்டுப் போகும். அதற்கு 18இலிருந்து 20 டிகிரி உத்தமம். லாகர் வகைக்கு இன்னும் குளிர்ச்சி, பத்துப் பன்னிரண்டு. கடல்மட்டத்துக்கு 2,100 மீட்டர் மேலே இருக்கும் கொடைக்கானலில் பகல் இருபதை ஒட்டியும் குளிர்காலத்து இரவு பத்துக்குக் கீழும் இருக்கும். இட்லி மாவு தூங்குகிற அதே அறை பீருக்குப் பொருந்திய அறை. கீழே பழனியில் சித்திரை வெயிலில் அந்த வாளியை வைத்தால் குடிக்கிற மாதிரி எதுவும் கிடைக்காது. மலைக்கு ஒரு குறையும் உண்டு. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். பருப்பு வேகத் தாமதமாவது இதனால்தான். ஹாப் பூவின் கசப்பு சாற்றில் இறங்கவும் கூடுதல் நேரம் பிடிக்கும். ஹாப் கொடியும் இங்கே சரியாக வளராது. அதற்குக் கோடையில் நீண்ட பகல் வேண்டும். பூமத்தியரேகையிலிருந்து பத்து டிகிரி தள்ளியிருக்கும் இந்த மலையில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். இந்தியாவில் ஹாப் பயிராவது இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில்.

குளிர்பெட்டி இல்லாத காலத்தில் வெள்ளையர் பீர் ஆலைகளை மலையில் கட்டியதற்கும் இந்தத் தட்பவெப்பமே காரணம். வடக்கே கசௌலியும் மரியும், தெற்கே நீலகிரி. தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915இல் தென்னிந்தியாவின் ஐந்து பீர் ஆலைகளை ஒன்றாக்கி யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தை உண்டாக்கியபோது நீலகிரி ஆலையும் அதில் அடக்கம். இன்று அரசின் டாஸ்மாக் மதுக்கடையில் கிங்ஃபிஷர் பீர் கேட்கிறவர் கையில் வருவது அந்த வம்சாவளிச் சரக்கு. கொடைக்கானலின் கதை வேறு. அதை ஊராக்கியவர்கள் 1845இல் மதுரை வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் மேலேறி வந்து வீடு கட்டிக்கொண்ட அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள். ஊரின் தொடக்க அடையாளங்கள் தேவாலயமும் பள்ளியும், 1863இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்சு அணைகட்டி உண்டாக்கிய ஏரியும். இன்றைக்குக் கொடைக்கானல் கடைத்தெருவில் 'ஹோம் மேட்' என்று எழுதாத பலகை அரிது. ஹோம் மேட் சாக்லேட், ஹோம் மேட் சீஸ், ஹோம் மேட் ஊறுகாய். பாதி எந்த வீட்டில் செய்தது என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். உண்மையிலேயே வீட்டில் செய்யக்கூடிய ஒன்றுக்கு மட்டும் அங்கே பலகை வைக்க முடியாது.

வைக்க முடியாது என்பதைவிடச் சட்டம் ஆழமாகப் போகிறது. 1937ஆம் ஆண்டு மதராஸ் மதுவிலக்குச் சட்டம்தான் இன்றைய தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம். ராஜாஜி அரசு அதை அந்த ஆண்டு அக்டோபர் 1இல் முதலில் சேலம் மாவட்டத்தில் அமல்படுத்தியது. கலால் வருமானம் போனதை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்குச் சட்டத்தின் நான்காம் பிரிவு, மது தயாரிப்பதைத் தடுப்பதோடு நிற்கவில்லை. மது தயாரிப்பதற்கான பொருள்களையும் பாத்திரங்களையும் கருவிகளையும் வைத்திருப்பதையே குற்றமாக்குகிறது. அதாவது லீட்ஸில் நண்பர் சாக்கில் கட்டி பேருந்தில் தூக்கிவந்து என் வாசலில் இறக்கிய வாளி, குழாய், மிதவைக் குச்சி எல்லாம், காய்ச்சும் எண்ணத்தோடு இருந்தால், இங்கே வழக்குப் பொருள். இரவல் கொடுத்தவரும் தப்ப முடியாது. நான் இங்கே காய்ச்சவில்லை. காய்ச்சச் சொல்லி யாரையும் தூண்டவும் இல்லை. சட்டம் சட்டமாக இருக்கும்வரை அதைப் பேசி மாற்றத்தான் வேண்டும், மீறி அல்ல.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டப் புத்தகம் அப்படியே இருக்க, மதுவிலக்கு பலமுறை போய்ப் போய் வந்தது. 1971இல் நிறுத்திவைத்தார்கள், 1974இல் திரும்பியது, 1981இல் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மறுபடி திறந்தன, 1987இன் முதல் நாளில் அவை மூடின. 1983இல் தொடங்கிய டாஸ்மாக் 2003இல் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. இத்தனைக்கும் நடுவே தொடர்ந்து நடந்த ஒரு காரியம் உண்டு. செய்கிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள், வாங்குகிறவர்கள் கூடிக்கொண்டே வந்தார்கள். பனையேறி இறக்கிய கள் போனது. ஆலையில் கரும்புக் கழிவுப் பாகிலிருந்து காய்ச்சி வடித்து, நிறமும் மணமும் ஏற்றிய பிராந்தி வந்தது. மது ஒழியவில்லை. மதுவைப் பற்றிய கைவேலை ஒழிந்தது.

இதை நான் சும்மா ஏக்கமாகச் சொல்லவில்லை. ஒரு சாட்சி இருக்கிறது. பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பாட்டு. பரிசில் பெறப் போகும் பாணனுக்கு வழியில் ஒவ்வொரு குடியிலும் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகும். வலைஞர் குடியிருப்பில் சுட்ட மீனோடு என்ன குடிக்கத் தருவார்கள் என்ற இடத்தில் புலவர் நின்று ஒரு செய்முறையையே கொடுத்துவிடுகிறார். தீட்டாத அரிசியைக் களியாகக் கிண்டி, வாயகன்ற தட்டில் பரப்பி ஆறவிட வேண்டும். அதில் நல்லடை என்ற ஒன்றைக் கலந்து பிசைய வேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய வேண்டும். வலிய வாயுள்ள சாடியில் முற்ற விளைந்த பின் வெந்நீர் விட்டு விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்க வேண்டும். ஆறவைப்பது, அகலப் பாத்திரத்தில் ஆறவைப்பது, சாடிக்கு மாற்றுவது, இத்தனை நேரம் என்று கணக்கு வைப்பது. லீட்ஸில் நான் படித்த எந்தக் கையேட்டோடும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இதே பாட்டில் இன்னோரிடத்தில் வீட்டிலேயே சமைத்த தோப்பி என்ற நெல் மது வருகிறது. மற்றோரிடத்தில் கள் சமைக்கும் பெண்கள் கிண்ணம் கழுவிய தண்ணீர் வழிந்தோடி முற்றம் சேறாகி, அதில் பன்றிகள் புரள்கின்றன. செய்தவர்கள் பெண்கள், செய்த இடம் வீடு.

எல்லாம் சரி, நல்லடை எது? உரைகாரர்கள் அதை முளையடை என்கிறார்கள். முளைத்த நெல்லை இடித்துத் தட்டிய அடை. அப்படியானால் அது மால்ட், லீட்ஸ் வழி. ஆனால் புலவர் அதற்குச் சொல்லும் உவமை எனக்கு உறுத்துகிறது. பாம்பு குடியிருக்கும் புற்றினுள் இருக்கும் குரும்பியைப் போல, பூத்த மேற்புறம் உடையது என்கிறார். கரையான் புற்றைத் தோண்டியவர்களுக்குத் தெரியும், உள்ளே கரையான் வளர்க்கும் காளான் தேன்கூடு மாதிரி துளைத்துளையாக, வெள்ளைப் பூஞ்சை படிந்து இருக்கும். முளைநெல்லை இடித்து உலர்த்திய அடையில் பூ எங்கிருந்து வந்தது? நேபாளத்திலும் சிக்கிமிலும் மர்ச்சா என்ற அரிசி மாவு அடையை வைக்கோலுக்குள் வைத்துப் பூஞ்சை பூக்கவிட்டு அதைக்கொண்டுதான் மது விளைவிக்கிறார்கள். ஜப்பானியர் கோஜி என்று அரிசியில் வளர்ப்பதும் பூஞ்சைதான். தானியத்தின் மாவைச் சர்க்கரையாக்க உலகத்தில் பெரிய வழிகள் இரண்டு: விதையின் சொந்த முளை ஒன்று, பூஞ்சை மற்றொன்று. பார்லி நாடுகள் முதலாவதில் போயின; அரிசி நாடுகள் பெரும்பாலும் இரண்டாவதில் போயின. நாம் எதில் போனோம்? நல்லடை பூஞ்சை அடையாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். களியான அரிசி இரண்டே நாளில் விளைந்துவிடுவதும் அதற்கு ஒத்துப்போகிறது. ஆனால் ஊகம்தான். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு கை இல்லை. பாட்டு இருக்கிறது, உரை இருக்கிறது, உ.வே.சா. பதிப்பு இருக்கிறது. செய்யத் தெரிந்த ஒரு பாட்டி இல்லை.

இதற்கு 1937ஐக் குற்றம் சொல்ல மாட்டேன். அரிசிக் கள் தமிழ்நாட்டுச் சமவெளியில் பனங்கள்ளிடம் தோற்றது வெகு முன்னால் நடந்திருக்க வேண்டும். வெள்ளையர் கால ஆப்காரி முறையும் குத்தகைக்காரர்களுக்கு வருமானம் தராத எந்த வீட்டுக் குடத்தையும் விரும்பியதில்லை. சட்டம் செய்தது வேறு. போனதை யாரும் தேடிப்போய்ச் செய்துபார்க்க முடியாதபடி கதவைச் சாத்தியது.

பழனிக்காரனாக இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. கோயிலுக்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று முகம் திருப்புகிறவர்கள் திருமுருகாற்றுப்படையைக் கொஞ்சம் புரட்டலாம். ஆவினன்குடியைப் பாடுகிற அதே பாட்டு, குன்றுதோறாடல் பகுதியில், நீண்ட மூங்கில் குழாயில் அடைத்து முற்றவைத்த தேன் கள்ளைக் குறவர்கள் சுற்றத்தோடு குடித்துத் தொண்டகப் பறைக்குக் குரவை ஆடுவதைச் சொல்கிறது. முருகன் அந்த ஆட்டத்துக்கு நடுவே வருகிறான். மூங்கில் குழாய் அந்த மலையின் வாளி. தேனில் தண்ணீர் கால் பங்குகூட இருப்பதில்லை, பதினெட்டு சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அந்தச் செறிவில் ஈஸ்ட் தலையெடுக்காது. தண்ணீர் ஊற்றி இளக்கினால் தேனிலேயே உறங்கும் ஈஸ்ட் தானாக எழுந்துகொள்ளும். எங்கள் ஊர்ப் பஞ்சாமிர்தம் இதையே தலைகீழாக நின்று சாதிக்கிறது. விருப்பாச்சி வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலம், பேரீச்சை, கற்கண்டு. ஈஸ்டுக்கு இதைவிடப் பெரிய விருந்து எங்கும் கிடையாது. ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை என்ற ஒரே விதியால் அது மாதக்கணக்கில் கெடாமல் நிற்கிறது. ஈரக் கரண்டி விட்ட டப்பாவில் சில நாளில் நுரை கட்டிக் கள் வாசம் அடிப்பதை எங்கள் ஊரில் பார்க்காதவர்கள் கிடையாது. அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு மலைச்சரிவில் விளையும் விருப்பாச்சிக்கு அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. நொதிக்கவிடாத நுட்பத்துக்குப் பட்டயம் உண்டு. நொதிக்கவைத்த நுட்பம் பாட்டோடு சரி. அசாமில் திமாசா மக்களின் அரிசி மது ஜூதிமாவுக்கு 2021இல் அதே குறியீடு கொடுத்தார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோவாவின் ஃபெனிக்கு 2009இல்.

ஆனால் எதிர்ப்பக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. குடியால் நொந்த வீடுகள் என் தெருவிலேயே உண்டு. பழனி அடிவாரத்தில் பூ கட்டும் பெண்களிடம் போய் வீட்டில் பீர் காய்ச்சும் கலையைப் பற்றிப் பேசினால், கட்டிய பூவை மேலே எறிவார்கள்; எறிய அவர்களுக்கு உரிமையும் உண்டு. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்கு முந்தின ஆண்டு மரக்காணத்தில். இந்தச் சாவுகளைக் காட்டித்தான் வீட்டுக் குடம் என்றாலே அச்சம் ஊட்டப்படுகிறது. அங்கே கொன்றது மெத்தனால். தொழிற்சாலைக் கரைப்பானாக விற்கப்படுவது. வாங்கித் தண்ணீர் கலந்து சாராயம் என்று விற்றார்கள். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தின்னும், பிறகு ஆளை. முளைத்த தானியத்தை ஈஸ்ட் கொண்டு புளிக்கவைத்து, காய்ச்சி வடிக்காமல் அப்படியே குடிக்கிற பானத்தில் ஆளைக் குருடாக்கும் அளவு மெத்தனால் உண்டாகாது. வேண்டுமென்றே செய்தாலும் உண்டாக்க முடியாது. நாலு சதவீதப் புளிப்பும் நாற்பது சதவீத வடிப்பும் ஒன்றல்ல. வடிப்பும் விஷமும் ஒன்றல்ல. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு சட்டத்தைத் திருத்தி, உயிரிழப்புக்குக் காரணமான கள்ளச்சாராயத்துக்கு ஆயுள் தண்டனைவரை கொண்டுவந்தார்கள். அது நியாயம். ஆனால் மூன்றையும் ஒரே குடத்தில் போட்டுப் பார்க்கும் பார்வை அப்படியே இருக்கிறது. கேரளத்தில் 2019 கிறிஸ்துமஸுக்கு முன்னால், வீட்டில் திராட்சை வைன் போடுவது குற்றம் என்று கலால் துறை நினைவூட்டியபோது, தலைமுறை தலைமுறையாக அதைப் போட்டுவந்த அம்மச்சிகள் திகைத்துப்போனார்கள்.

வீட்டில் காய்ச்சுகிறவன் குறைவாகக் குடிப்பான் என்று நிரூபிக்க என்னிடம் புள்ளிவிவரம் இல்லை. இங்கிலாந்தில் குடிகாரர்களுக்கும் பஞ்சம் இல்லை. என் அனுபவத்தில், ஒரு சீசாவுக்கு ஒரு மாதம் காத்திருப்பவன் அதை மடக் மடக்கென்று ஊற்றிக்கொள்ளமாட்டான். போதை வேண்டியவனுக்கு அந்தப் பொறுமை கிடையாது, அவன் கடைக்குத்தான் போவான். அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டு வீட்டுப் பீரைச் சட்டப்படி ஆக்கியபோது வானம் இடிந்து விழவில்லை. அந்த ஆண்டே கொலராடோவின் போல்டரில் சார்லி பாபாசியன், அணு பொறியியல் படித்துவிட்டுப் பள்ளி ஆசிரியராக இருந்தவர், வீட்டுக் காய்ச்சுநர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். கலிபோர்னியாவின் சிக்கோவில் ஒருகாலத்தில் சைக்கிள் பழுதுபார்த்த கென் கிராஸ்மன் பால் பண்ணைகளின் பழைய பாத்திரங்களை வாங்கி வெட்டி ஒட்டி 1980இல் சியரா நெவாடா ஆலையைக் கட்டினார். இன்று அங்கே ஊருக்கு ஊர் இருக்கும் சிறு ஆலைகளில் பலவற்றின் மூலம் யாரோ ஒருவரின் சமையலறை வாளி.

தமிழ்நாட்டில் அப்படி எல்லாம் நாளைக்கே ஆகும் என்று நான் கனவு காணவில்லை. ஆகவும் வேண்டாம், டாஸ்மாக்கைச் சுருக்குவதுதான் முதல் வேலை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கேட்பது சின்னது. தஞ்சாவூரில் மத்திய அரசின் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அதே ஊரில் தமிழ்ப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. ஒன்றில் நுண்ணுயிர் தெரிந்தவர்கள், மற்றதில் பெரும்பாணாற்றுப்படை தெரிந்தவர்கள். ஆய்வுக்கென்று அரசிடம் அனுமதி வாங்கி, இரண்டு சாடி வைக்கட்டும். ஒன்றில் முளைநெல் அடை, மற்றதில் பூஞ்சை அடை. அரிசி, நேரம், பாத்திரம் எல்லாம் புலவர் சொன்னபடி. எது இரண்டு நாளில் விளைகிறது என்று பார்த்து எழுதி வெளியிடட்டும். யாரும் குடிக்கக்கூட வேண்டாம்.